வண்டி மையிலிருந்து கிரீஸ் கன் வரை



பி.காம் படிக்கிறவனுக்கு கிரீஸ் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கடைசி வரை படியுங்கள், கணக்குப் பாடமும் வரும் :-)

ஜேசிபி மண் தோண்டுவதை வேடிக்கை பார்க்காதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் அது தோண்ட ஆரம்பிக்கும் முன்பு காலையில் நடக்கிற ஒரு வேலையை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒருவர் கையில் கிரீஸ் கன்னோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒவ்வொரு மூட்டிலும் குனிந்து கிரீஸ் அடிப்பார். பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வந்ததும் அடுத்த மூட்டுக்குப் போவார். அரை மணி நேரம் இதே வேலைதான். பெரிய ஜேசிபிக்கு மட்டும் இல்லை, டிராக்டருக்குப் பின்னால் தோண்டும் கை மாட்டிய சின்ன வண்டிக்கும் இதேதான்.

இந்த வேலைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் இரண்டு கதை இருக்கிறது. ஒன்று ஆமணக்கின் கதை. இன்னொன்று மசகு போடுகிற ஆளின் கதை. இரண்டையும் சொல்கிறேன்.

மாட்டு வண்டிக் காலம்

முதலில் மாட்டு வண்டி. இன்று நாம் கிரீஸ் என்று சொல்வதற்கு நம் தாத்தாக்கள் சொன்ன பெயர் 'வண்டி மை'. கண் மை மாதிரி இதுவும் கருப்புதான். வைக்கோலை எரித்துக் கரியாக்கி, அந்தக் கரியோடு விளக்கெண்ணெய் சேர்த்து நன்றாக அரைத்துக் கூழாக எடுப்பார்கள். விளக்கெண்ணெய் என்பது ஆமணக்கு எண்ணெய் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மையை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டுவிடுவார்கள். தூரப் பயணம் போகிற வண்டிக்கு இது கட்டாயம்.

மை போடுவது எப்படி? வண்டிக்கு முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். கடையாணியைக் கழற்ற வேண்டும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்தை அச்சிலிருந்து கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும். குச்சியால் மையை எடுத்து அச்சைச் சுற்றித் தடவ வேண்டும். பிறகு சக்கரத்தை உள்ளே தள்ளிக் கடையாணியை அடித்துவிட வேண்டும். மை போட்டவரின் வேட்டியைச் சலவைக்காரர்கூடக் காப்பாற்ற முடியாது.

கரி எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? வெறும் எண்ணெய் ஊற்றினால் ஒழுகிப் போய்விடும். கரித்தூள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அச்சிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்றைய கிரீஸின் அடிப்படையும் இதேதான். கிரீஸ் என்பது தனிப் பொருள் கிடையாது. எண்ணெயைப் பிடித்து வைக்க ஒரு பஞ்சு மாதிரியான பொருள், அதற்குள் எண்ணெய், அவ்வளவுதான். அழுத்தம் வரும்போது எண்ணெய் கசிந்து வேலை செய்யும், அழுத்தம் போனதும் அங்கேயே தங்கிவிடும். நம் ஊரில் அந்தப் பஞ்சு வைக்கோல் கரி. இன்றைய தொழிற்சாலையில் அந்தப் பஞ்சு ஒரு வகை சோப்பு. (ஆமாம், சோப்புதான். பின்னால் விளக்குகிறேன்.)

அச்சு உடைவது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய பயம் என்பதற்குச் சங்க இலக்கியத்திலேயே சாட்சி இருக்கிறது. உப்பு விற்கிற உமணர்கள் மேடு பள்ளம் தாண்டிப் போக வேண்டியிருக்கும் என்று வண்டிக்கு அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போவதை ஔவையார் புறநானூற்றில் உவமையாகச் சொல்கிறார். இன்று லாரிக்கு ஸ்டெப்னி மாதிரி. திருவள்ளுவரும் வினைத்திட்பம் அதிகாரத்தில் பெரிய தேருக்கு அச்சாணி எப்படி என்று உதாரணம் காட்டுகிறார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த குறள்தான்.

தேரும் அச்சும்

தேர் என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. செஞ்சி பக்கம் மேல்சித்தாமூர் தெரியுமா? செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊருக்கு வருவதில்லை. தமிழ்ச் சமணர்களின், அதாவது நயினார்களின், தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயில், மலைநாதர் கோயில் இரண்டும் பார்க்க வேண்டியவை. பார்சுவநாதருக்குத் தேர்த் திருவிழாவும் உண்டு.

மரத்தேர் என்றால் ஜனங்கள் உயரத்தைத்தான் பார்ப்பார்கள், சிற்பத்தைப் பார்ப்பார்கள். ஆனால் தேர் நகருமா நகராதா என்பதை முடிவு செய்வது கீழே, கண்ணுக்குத் தெரியாத இருட்டில் இருக்கிற அச்சுதான். இதற்குத் தமிழ்நாட்டில் பெரிய உதாரணம் திருவாரூர் ஆழித்தேர். சுமார் 300 டன் எடை. பல வருடங்கள் ஓடாமல் நின்ற அந்தத் தேர் 1970-ல் மறுபடியும் ஓடியது. அதற்கு இரும்புச் சக்கரமும் இரும்பு அச்சும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். பிறகு ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. வடம் பிடித்து இழுக்கும் ஆயிரக்கணக்கான கைகளோடு பின்னாலிருந்து புல்டோசரும் தள்ளுகிறது. பக்தி எவ்வளவு இருந்தாலும் அச்சு சுழல வேண்டும், இல்லையா?

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

அச்சுக்கு மசகு போட்டதற்கான மிகப் பழைய தடயங்களில் ஒன்று எகிப்தில் கிடைத்தது. யுயா, துயா என்ற தம்பதியின் கல்லறையை 1905-ல் திறந்தார்கள். உள்ளே ஒரு ரதம் இருந்தது. சுமார் 3,400 வருடப் பழசு. அதன் அச்சில் காய்ந்துபோன கொழுப்பு ஒட்டியிருந்தது. மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ, அதோடு சுண்ணாம்பும் மண்ணும் கலந்திருந்தது. ஐரோப்பாவிலும் 19-ஆம் நூற்றாண்டு வரை வண்டிகளுக்கு மிருகக் கொழுப்புதான் முக்கிய மசகு.

இந்தக் கொழுப்பு விவகாரம் இந்தியாவில் என்ன செய்தது என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1857-ல் என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவின் உறையில் தடவிய கிரீஸ் பசுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற பேச்சு பரவி, கம்பெனி ஆட்சியையே ஆட்டிவைத்தது. கிளர்ச்சிக்கு வேறு ஆழமான காரணங்களும் இருந்தன, ஆனால் தீப்பொறி அதுதான். ஒரு கிரீஸ் எதிலிருந்து செய்யப்படுகிறது என்ற கேள்வி அவ்வளவு பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது. நம் வண்டி மையில் அந்தப் பிரச்சினையே கிடையாது. வைக்கோல், ஆமணக்கு, இரண்டும் வயலில் விளைவது.

1859-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு கதை மாறியது. தரைக்கு அடியிலிருந்து வந்த கனிம எண்ணெய் மலிவு. மிருகக் கொழுப்பும் தாவர எண்ணெயும் மெதுவாக ஓரம் கட்டப்பட்டன. ஆனால் ஆமணக்கு மட்டும் அவ்வளவு சுலபமாக இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. காரணம் அதன் தன்மை. விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிடக் கெட்டி, உலோகத்தில் நன்றாக ஒட்டும், சூட்டிலும் சீக்கிரம் தண்ணீர் மாதிரி ஆகிவிடாது.

முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களில் எந்திரமே சுழலும் 'ரோட்டரி' வகை எந்திரம் இருந்தது. அதற்கு மசகு எண்ணெய் நம் விளக்கெண்ணெய்தான். எரிந்தும் எரியாமலும் அந்த எண்ணெய் பின்னால் பறந்து விமானியின் முகத்தில் அடிக்குமாம். விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று நம் பாட்டிகளிடம் கேட்டால் சொல்வார்கள். வானத்தில் அந்த அவசரம் வந்தால் என்ன செய்வது? :-)

இன்னொரு விஷயம். பைக் வைத்திருக்கிற நண்பர்களுக்கு 'காஸ்ட்ரால்' தெரியும். இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் 1899-ல் தொடங்கிய கம்பெனி, 1909-ல் விளக்கெண்ணெய் கலந்த ஒரு எந்திர எண்ணெயை வெளியிட்டது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் 'காஸ்டர்'. அதிலிருந்து வந்த பெயர்தான் காஸ்ட்ரால்.

டயர் வண்டி வந்தது, மை போனது

நம் ஊரில் மையை ஒழித்தது டிராக்டர் என்று நினைப்போம். அதற்கு முன்பே டயர் வண்டி வந்துவிட்டது. ரப்பர் டயர், பால் பேரிங் வைத்த மாட்டு வண்டி. பேரிங்குக்கு உள்ளே கிரீஸை அடைத்து மூடிவிட்டால் பல நாள் கவலையில்லை. மாட்டுக்கும் பாரம் குறைந்தது. மூங்கில் குழாய் காணாமல் போனது.

இதில் நம் வகுப்பு நண்பர்களுக்குப் பிடிக்கிற ஒரு தகவல். மாட்டு வண்டியைப் பற்றித் தீவிரமாக ஆராய்ச்சி செய்து, நல்ல பேரிங் போடுங்கள், டயர் போடுங்கள், மாட்டின் கழுத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஊர் ஊராகப் பேசியவர் யார் தெரியுமா? பெங்களூர் ஐ.ஐ.எம்-இன் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி. எம்.பி.ஏ என்றாலே கோட்டு சூட்டு என்று நினைக்கிறோம். ஒரு மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் தலைவர் மாட்டு வண்டியின் அச்சைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். நாட்டில் சரக்குப் போக்குவரத்தின் பெரிய பகுதி மாட்டு வண்டியில்தான் நடக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு என்ன பொருளாதாரம் பேசுகிறீர்கள் என்பது அவர் வாதம்.

கிரீஸ் கன்னும் நிப்பிளும்

மோட்டார் வண்டி வந்த புதிதில் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதில் கிரீஸை நிரப்பி மூடியைத் திருகினால் கொஞ்சம் உள்ளே போகும். தூசியும் கூடவே போகும். 1910-களின் பிற்பாதியில் ஆர்தர் குல்போர்க் என்ற அமெரிக்கர் கிரீஸை அழுத்தத்தோடு செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். 'அலிமைட்' என்ற பெயரில் அது பிரபலமானது. பிறகு 1920-களில் ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் ஜெர்க் அதை இன்னும் எளிமையாக்கினார். இன்று நாம் 'நிப்பிள்' என்று சொல்கிற சின்ன உருண்டைத் தலை அவர் பெயரில்தான் உலகம் முழுக்க அறியப்படுகிறது. அதன் வாயில் ஒரு குட்டி இரும்புக் குண்டு, பின்னால் ஒரு ஸ்பிரிங். கிரீஸ் அழுத்தி வந்தால் குண்டு உள்ளே போய் வழி விடும். அழுத்தம் நின்றால் குண்டு திரும்பி வந்து வாயை மூடிக்கொள்ளும். கிரீஸ் வெளியே வராது, தூசி உள்ளே போகாது. சுண்டு விரல் நுனி அளவு சாமான், நூறு வருடமாகப் பெரிய மாற்றம் இல்லாமல் ஓடுகிறது.

அடுத்து தோண்டும் கை. டிராக்டருக்குப் பின்னால் ஹைட்ராலிக்கில் இயங்கும் தோண்டும் கையை முதலில் விற்றது அமெரிக்காவின் வெய்ன்-ராய் கம்பெனி. 1948 ஏப்ரல் 27-ல், ஃபோர்டு 8என் என்ற சின்ன டிராக்டரில் மாட்டி, கனெக்டிகட் மாகாணத்தின் மின்சாரக் கம்பெனிக்கு 705 டாலருக்கு விற்றார்கள். அதாவது இது பிறந்ததே சின்ன டிராக்டரின் முதுகில்தான். இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பேம்ஃபோர்டு 1945-ல் ஒரு வாடகை ஷெட்டில் தொழில் ஆரம்பித்தார். 1953-ல் அவர் கம்பெனி முன்னால் அள்ளுவதும் பின்னால் தோண்டுவதும் ஒரே வண்டியில் இருக்கிற மாதிரி செய்தது. அவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் ஜே.சி.பி. 1979-ல் எஸ்கார்ட்ஸுடன் கூட்டாக ஹரியானாவின் பல்லப்கரில் உற்பத்தி தொடங்கியது. இன்று எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நம் ஊரில் அது 'ஜேசிபி'தான். டிராக்டரில் மாட்டுகிற தோண்டும் கைகளைக் கோயம்புத்தூரிலேயே செய்கிறார்கள்.

எங்கள் பக்கம் கிணறு தூர் எடுக்க, வரப்பு கட்ட, மல்லாட்டைக் கொல்லையில் பைப் புதைக்க, எல்லாவற்றுக்கும் இதுதான். பெரிய வண்டி நுழைய முடியாத சந்துக்கு டிராக்டரில் மாட்டிய சின்னக் கை போகும்.

ஏன் தினமும் கிரீஸ்?

கார் சக்கரத்துக்குத் தினமும் யாரும் கிரீஸ் அடிப்பதில்லை. தோண்டும் கைக்கு மட்டும் ஏன்? பெரும்பாலான கம்பெனிகளின் கையேட்டில் தோண்டும் கையின் மூட்டுகளுக்கு 10 மணி நேர வேலைக்கு ஒரு முறை, அதாவது தினம் ஒரு முறை என்றுதான் இருக்கும். காரணம் இது:

சக்கரம் ஒரே பக்கம் வேகமாகச் சுற்றும்போது எண்ணெயைத் தானே இழுத்து நடுவில் ஒரு படலமாக்கிக்கொள்ளும். இரும்பும் இரும்பும் தொடாது. தோண்டும் கையின் மூட்டு அப்படிச் சுற்றுவதில்லை. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று மெதுவாக ஆடும். ஆனால் பாரமோ டன் கணக்கில். படலம் உருவாக நேரமே கிடையாது. பின்னும் புஷ்ஷும் நேருக்கு நேர் உரசும். நடுவில் இருப்பது நாம் காலையில் அடித்த கிரீஸ் மட்டும்தான். போதாததற்கு மூட்டு எப்போதும் மண்ணுக்குள், சேற்றுக்குள். கிரீஸோடு மணல் கலந்தால் அது உப்புத்தாள் மாதிரி. அதனால் புதுக் கிரீஸை அடித்து அழுக்குக் கிரீஸை வெளியே தள்ளுவதுதான் வேலையின் உயிர். மூட்டின் ஓரத்தில் வளையமாகப் பிதுங்கி நிற்கிற கிரீஸ் தூசிக்கு ஒரு வரப்பு மாதிரி காவல் நிற்கும்.

வேலை நடக்கிற விதம் இதுதான். பக்கெட்டைத் தரையில் ஊன்றி வைத்து, எந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு நிப்பிளையும் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் வாயில் இருக்கிற மண்ணை நாமே உள்ளே அனுப்புகிறோம். இடம் வலம் திரும்பும் கழுத்து, பூமின் அடி, பூமும் கையும் சேரும் முழங்கை, ஒவ்வொரு சிலிண்டரின் இரண்டு முனை, பக்கெட்டின் பின்கள், ஜாக்கிக் கால்கள் என்று ஒரே வரிசையில் போவது நல்லது, ஒன்றும் விட்டுப் போகாது. அதன் பிறகு டிராக்டரின் முன் அச்சு, முன்னால் லோடர் இருந்தால் அதன் மூட்டுகள். மாடலைப் பொறுத்துப் பதினைந்து, இருபது நிப்பிளுக்கு மேலேயும் இருக்கும். கிரீஸ் உள்ளே ஏறவில்லை என்றால் குண்டு இறுகியிருக்கும். அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது, நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், இல்லை மாற்றிவிடலாம். விலை மிகக் குறைவு.

ஒரு எச்சரிக்கை. கையால் அழுத்துகிற கிரீஸ் கன்னிலும் அழுத்தம் மிக அதிகம். ஓட்டை விழுந்த ஓஸிலிருந்து பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகலாம். வெளியே புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் விரலையே இழக்கும் அபாயம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்துவிடக் கூடாது.

ஆமணக்கு இறங்கவே இல்லை

இப்போது சோப்பு விஷயத்துக்கு வருவோம். கொழுப்போடு காரம் சேர்த்தால் சோப்பு. அந்தச் சோப்பு நார் நாராக வலை பின்னி எண்ணெயைப் பிடித்துக்கொண்டால் கிரீஸ். சுண்ணாம்புக் காரத்தில் செய்த பழைய கிரீஸ் தண்ணீரைத் தாங்கும், ஆனால் சூடு ஏறினால் கலைந்துவிடும். சோடியத்தில் செய்தது சூட்டைத் தாங்கும், தண்ணீர் பட்டால் கரையும். சாதாரண குளியல் சோப்பும் சோடியம்தானே! 1942-ல் கிளாரன்ஸ் எர்ல் என்ற அமெரிக்கர் லித்தியம் சோப்பில் செய்த கிரீஸுக்குக் காப்புரிமை பெற்றார். சூடு, தண்ணீர் இரண்டையும் தாங்கியது. இன்று உலகத்தில் விற்கிற கிரீஸில் பாதிக்கு மேல் லித்தியம் வகைதான்.

சரி, லித்தியத்தோடு சேரும் கொழுப்பு எது? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். லித்தியம் கிரீஸுக்கு மிகச் சிறந்தது என்று 1940-களிலிருந்து இன்று வரை பயன்படுத்துகிற கொழுப்பு அமிலத்தின் பெயர் 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அது வருவது விளக்கெண்ணெயிலிருந்து! விளக்கெண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கி அதிலிருந்து எடுக்கிறார்கள். விளக்கெண்ணெயில் இருக்கிற தனி அமைப்பு மற்ற எண்ணெய்களில் இல்லை, அதனால் வேறு வழியில்லை.

அதாவது நண்பர்களே, தாத்தா அச்சில் தடவியதும் ஆமணக்கு. இன்று ஜேசிபியின் முழங்கையில் ஏறுவதிலும் ஆமணக்கு. மூங்கில் குழாய் போய் கிரீஸ் கன் வந்தது. கரி போய் லித்தியம் வந்தது. ஆமணக்கு மட்டும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

உலகத்தில் அதிகமாக ஆமணக்கு விளைவிக்கிற நாடு இந்தியா. அதில் பெரும் பகுதி குஜராத். நம் தமிழ்நாட்டில் அது எப்போதும் ஓரத்துப் பயிர்தான், மல்லாட்டைக் கொல்லையின் கரையிலும் நடுவிலும் நிற்கும். ஆனால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் மல்லாட்டைக்கு மட்டும் இல்லை, ஆமணக்குக்கும் 'டி.எம்.வி' ரகங்களை வெளியிட்டிருக்கிறது. டி.எம்.வி என்றால் திண்டிவனம். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலும் ஆமணக்குக்கு ஆராய்ச்சி நிலையம் உண்டு.

அரை மணி நேரம் யாருடையது?

கடைசியாக நம் பாடம். கணக்கு ஏட்டில் கிரீஸ் எங்கே வரும்? 'பழுதுபார்ப்பும் பராமரிப்பும்' என்ற தலைப்புக்குள், நூறு சில்லறைச் செலவுகளில் ஒன்றாக. வண்டியின் தேய்மானம் தனி வரி, கடனுக்கு வட்டி தனி வரி. ஆனால் அந்தத் தேய்மானம் வேகமாகப் போகுமா மெதுவாகப் போகுமா என்று முடிவு செய்கிற செலவு கண்ணுக்கே தெரியாது. கிரீஸ் விட்டுப்போனால் முதலில் புஷ் தேயும். அப்போதே மாற்றினால் சின்னச் செலவு. விட்டால் பின் தேயும், பின் உட்காரும் ஓட்டையே முட்டை வடிவம் ஆகிவிடும். அப்புறம் வெல்டிங் வைத்து லைன் போரிங் செய்ய வேண்டும். அந்த நாட்களில் வாடகை கிடையாது, மாதத் தவணை மட்டும் நிற்காது. பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் பெயின்ட்டைப் பார்க்க மாட்டார், கையைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்.

அப்படியானால் ஏன் கிரீஸ் விட்டுப்போகிறது? சோம்பேறித்தனம் என்று முதலாளிகள் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வேலை செய்கிற ஒரு ஆபரேட்டர் அண்ணனிடம் இதைக் கேட்டேன். "தம்பி, வாடகை மணிக் கணக்கு. கிரீஸ் அடிக்கிற நேரத்துக்கு மீட்டர் ஓடாது. பார்ட்டி காசு கொடுக்க மாட்டாரு, ஓனரும் கொடுக்க மாட்டாரு. ஆறு மணிக்கு வந்து நான்தான் அடிக்கணும். ஏழு மணிக்கு பார்ட்டி போன் பண்ணி 'இன்னும் வண்டி வரலையா'ன்னு கத்துவாரு" என்றார்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,000 ரூபாய் வாடகை, தினம் அரை மணி நேரம், மாதம் 25 நாள். 12,500 ரூபாய் மதிப்புள்ள நேரம். வண்டியின் ஆயுளைக் கூட்டுவது அந்த நேரம். லாபம் வண்டிச் சொந்தக்காரருக்கு. அதற்கான விலை ஆபரேட்டரின் காலைத் தூக்கம், அல்லது ஹெல்ப்பர் பையனின் தூக்கம். பலன் ஒருவருக்கு, பாடு இன்னொருவருக்கு என்று பிரிந்து கிடந்தால் அந்த வேலை ஒழுங்காக நடக்காது என்று நாம் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதுகிறோம். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

மாட்டு வண்டியில் இந்தப் பிரிவு குறைவு. பெரும்பாலும் மை போடுகிறவர்தான் வண்டி ஓட்டுகிறவர், வண்டியும் மாடும் பல பேருக்குச் சொந்தம். அச்சு கிறீச்சிட்டால் கஷ்டப்படுவது தன் மாடு என்று அவருக்குத் தெரியும். இன்று சொந்தமாக டிராக்டர் வாங்கித் தானே ஓட்டுகிற விவசாயிகளின் வண்டி நன்றாக இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கூலிக்கு ஓட்டுகிறவரிடமும் அந்தக் கவனத்தை எதிர்பார்த்தால் அந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் போட வேண்டும். கிரீஸ் டப்பாவுக்கு பில் வைக்கிறோம், கிரீஸ் அடிக்கிற கைக்கு ஏன் வைப்பதில்லை?

அடுத்த முறை ஜேசிபி வேடிக்கை பார்க்கும்போது கொஞ்சம் சீக்கிரமாகவே போய் நில்லுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன்பு நடப்பதையும் பாருங்கள்.

உங்கள் ஊரில் வண்டி மைக்கு வேறு பெயர் உண்டா? எதில் செய்தார்கள், எதில் அடைத்து வைத்தார்கள்? வீட்டில் வயதானவர்களைக் கேட்டு வந்து பின்னூட்டத்தில் எழுதுங்கள். அந்த விவரம் எல்லாம் அவர்களோடு போய்விடுவதற்குள் எங்கேயாவது எழுதி வைத்துவிடலாம்.